தனியார் கருத்தரிப்பு மையம்: முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் கரு தங்காமல், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் இருக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் இந்தச் சிகிச்சையின் படிகளை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தவர்கள். எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும், எங்கே பணம் கசியும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் சிகிச்சை எடுப்பவர்களை மனத்தில் வைத்து அவற்றை இங்கே சொல்கிறேன்.

1. மையம் தேடும் முன் இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்

பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். 40ஐ நெருங்கியவர்களும், மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களும் காத்திருக்கவே வேண்டாம்.

இருவரும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில், விரதம் எல்லாம் முடிந்து வருடங்கள் ஓடிய பிறகுதான் கணவர் விந்தணுப் பரிசோதனைக்குப் போகிறார். சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரம் சொச்சத்துக்குள் முடிகிற, வலியே இல்லாத சோதனை அது. முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். சாம்பிள் கொடுப்பதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும். முடிவு குறைவாக வந்தால் உடனே கலங்கிவிடாதீர்கள். காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பெண்ணுக்கு முதலில் தேவைப்படுபவை: மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஹார்மோன் சோதனையும் கருமுட்டைப் பைகளை எண்ணும் ஸ்கேனும், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஏஎம்எச். கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரேயை ரத்தப்போக்கு நின்ற பிறகு, ஏறக்குறைய ஆறாம் நாளில் இருந்து பதினோராம் நாளுக்குள் எடுப்பார்கள். அந்த நாட்களைத் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். எந்தச் சோதனை எந்த நாளில் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை உங்கள் ஊரிலேயே ஒரு மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்துச் செய்யலாம். கையில் ரிப்போர்ட்டோடு மையத்துக்குப் போனால் உங்களுக்கு ஐவிஎஃப், அதாவது ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை, தேவையா என்பதைப் பற்றியே பேச்சு தொடங்கும். வெறுங்கையோடு போனால் எந்தப் பேக்கேஜ் என்பதில் தொடங்கிவிடும்.

ஏஎம்எச் பற்றி ஒரு எச்சரிக்கை. கருமுட்டை இருப்பு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் காட்டும், முட்டையின் தரத்தைக் காட்டாது. குறைவாக இருந்தால் ஊசி போட்டாலும் குறைவான முட்டைகளே வரலாம் என்பதுதான் அதன் பொருள். இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதை மட்டும் காட்டி, முதல் சந்திப்பிலேயே தானமுட்டைதான் வழி என்று ஒருவர் சொன்னால், இன்னொரு மருத்துவரைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. மையம் பதிவு பெற்றதா என்று பாருங்கள்

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழ் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

சான்றிதழில் நிலை 1, நிலை 2 என்று இருக்கும். நிலை 1 மையம் ஐயுஐ, அதாவது கணவரின் விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பையில் செலுத்தும் முறை வரை மட்டுமே செய்யலாம். ஐவிஎஃப் செய்யவும், ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்சி செய்யவும் நிலை 2 வேண்டும். பெரிய பெயர் கொண்ட குழுமத்தின் சிறு நகரக் கிளை பல நேரம் ஆலோசனைக்கும் ஸ்கேனுக்கும் மட்டும்தான். முட்டை எடுக்கவும் கரு வைக்கவும் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்புவார்கள். அதில் தவறில்லை. பயணம், தங்கல், விடுப்பு எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும் என்பதால், எது எங்கே நடக்கும் என்று முதல் நாளே கேளுங்கள்.

சட்டத்தில் வயது வரம்பும் இருக்கிறது. பெண் 21க்கு மேல் 50க்குள், ஆண் 21க்கு மேல் 55க்குள் இருக்க வேண்டும். ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று தேர்வு செய்து தருவதாக யாராவது காதோடு சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதைச் செய்யத் துணிந்தவர்கள் உங்கள் கரு விஷயத்தில் வேறு எதையும் செய்யத் துணிவார்கள்.

3. வெற்றி விகிதத்தைப் பிரித்துக் கேளுங்கள்

விளம்பரப் பலகையில் எழுபது, எண்பது சதவீதம் என்று போட்டிருக்கும். எதில் எண்பது என்று கேட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களை எண்ணியிருக்கலாம். அதில் சிலருக்கு இதயத்துடிப்பு வரும் முன்பே கரைந்திருக்கும். கரு வைக்கும் நிலை வரை வந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கலாம். ஊசி போட்டும் முட்டை வராதவர்களும், முட்டை வந்தும் கரு உருவாகாதவர்களும் அந்தக் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள். இளம்பெண்களின் தானமுட்டையில் கிடைத்த வெற்றியைச் சேர்த்திருக்கலாம். மூன்று முறை கரு வைத்ததன் மொத்தக் கணக்காகவும் இருக்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "என் வயதில், சொந்த முட்டையில், சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" பிரிட்டனில் எச்எஃப்இஏ என்ற அரசு அமைப்பு ஒவ்வொரு மையத்தின் பிறப்பு விகிதத்தையும் பொதுவில் வெளியிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கருவின் ஆபத்து இவற்றை எடுத்துச் சொல்வது மையத்தின் கடமை என்று நம் சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கேட்டதும் முகம் சுளிக்கிற இடமா, நிதானமாகப் பதில் சொல்கிற இடமா என்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

இவற்றையும் கேளுங்கள்: கருவியல் வல்லுநர் மையத்திலேயே முழுநேரம் இருக்கிறாரா, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து போகிறாரா? வருகிறவர் என்றால், பத்துப் பதினைந்து பெண்களுக்கு ஒரே நாளில் முட்டை எடுப்பதுபோல மாத்திரை கொடுத்துத் தேதியை வரிசைப்படுத்துவார்கள். முட்டை எடுக்கப்போவது நீங்கள் பார்த்துப் பேசுகிற மருத்துவரா? ஆய்வகத்துக்கு மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு என்ன? சாம்பிள்களில் பெயர் சரிபார்ப்பது யார், எப்படி? என் கணிப்பில், அலங்கார வரவேற்பறையைவிட நல்ல ஆய்வகத்துக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். கரு முதல் ஐந்து நாள் வளர்வது அங்கேதான்.

4. ஆவணங்களில் பெயரை இப்போதே சரி செய்யுங்கள்

இருவரின் ஆதார், வயதுச் சான்று, திருமணப் பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பழைய ரிப்போர்ட்டுகள், முன்பு அறுவை சிகிச்சையோ கருச்சிதைவோ நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சுருக்கம். இவ்வளவும் அசலும் நகலுமாகத் தேவைப்படும்.

நம்மூரில் சிக்கல் இனிஷியலில்தான். மனைவியின் ஆதாரில் அப்பா இனிஷியல் இருக்கும், வங்கிக் கணக்கில் கணவர் பெயர் இருக்கும், கல்யாணப் பதிவில் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல் இருக்கும். சம்மதப் படிவங்கள் எல்லாம் ஆதாரில் உள்ள பெயரில்தான் தயாராகும். முட்டை எடுக்கும் நாளில் இந்தக் குழப்பம் வந்தால் யாருக்கும் நிதானம் இருக்காது. ஆதார் திருத்தம் வர நாளாகும் என்பதால் பரிசோதனைகள் நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யாதவர்கள் சார்பதிவாளர் அலுவலக வேலையை உடனே தொடங்குங்கள். பத்திரிகை, தாலி கட்டும் படம், கோயில் அல்லது மண்டப ரசீது, சாட்சிகள் என்று திரட்ட வேண்டியிருக்கும்.

ஆதாரை ஏன் இப்படித் துருவிப் பார்க்கிறார்கள் என்று எரிச்சல் வரலாம். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் மூலம் வயதைக் கூட்டிக் காட்டி கருமுட்டை எடுத்தது வெளியானது. அடையாளத்தைக் கடுமையாகச் சரிபார்க்கிற மையத்தை நம்பலாம்.

5. மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள்

நான் விசாரித்த இடங்களில் ஐவிஎஃப் ஒரு சுற்றுக்கு மருந்தோடு சேர்த்து ஒன்றரை லட்சத்தில் இருந்து இரண்டரை லட்சம் வரை சொன்னார்கள். பெரிய நகரம், பெரிய பெயர் என்றால் அதற்கு மேலும் போகும். ஐயுஐ ஊசி, ஸ்கேனோடு இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். விளம்பரத்தில் வருகிற "99 ஆயிரத்தில் ஐவிஎஃப்" என்பது பெரும்பாலும் ஊசிகளைச் சேர்க்காத விலை. ஊசிச் செலவு வயதையும் முட்டை இருப்பையும் பொறுத்தது. இருப்பு குறைவு என்றால் டோஸ் கூடும், செலவும் கூடும். மொத்தத்தில் பெரிய பங்கு அதுதான்.

எஸ்டிமேட் தாளில் கீழ்க்கண்டவை ஒவ்வொன்றும் உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்:

- முட்டை வளர்க்கும் ஊசிகளும், எடுப்பதற்கு முன் முட்டையை முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசியும்
- முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஒவ்வொரு ஃபாலிக்கிள் ஸ்கேனும் ரத்தச் சோதனையும்
- மயக்க மருந்து நிபுணர் கட்டணம்
- இக்சி கட்டணம்
- கருவை உறையவைப்பது, அதற்கான வருடச் சேமிப்புக் கட்டணம்
- உறைந்த கருவை எடுத்து வைக்கும் சுற்று
- கரு வைத்த பிறகு தரும் புரோஜெஸ்டிரோன் மருந்து
- முட்டையே வராமல் பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்

கடைசி வரியைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். உறைந்த கருவை வைக்கும் சுற்றும் அப்படித்தான். இப்போது பல மையங்கள் எல்லாக் கருவையும் உறையவைத்து அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோதான் வைக்கின்றன. பேக்கேஜ் உடனே வைப்பதற்கு மட்டும் என்றால், அந்த இரண்டாம் கட்டத்துக்குத் தனியாக இன்னொரு பெரிய தொகை எடுத்து வைக்க வேண்டும்.

மூன்று சுற்றுக்கு ஒரே விலை, தோற்றால் பணம் வாபஸ் என்கிற திட்டங்களில் நிபந்தனைகளைப் படியுங்கள். வயது, ஏஎம்எச் வரம்பு போட்டு, எளிதில் கருத்தரிக்கக்கூடியவர்களை மட்டும் சேர்ப்பார்கள். நிஜமாகவே மூன்று சுற்று தேவைப்படுகிறவர்களுக்கு அது கிடைக்காமல் போகும். ஒரே சுற்றில் பலன் கிடைத்துவிட்டால் மீதிப் பணம் வராது.

நடுவழியில் "இதையும் சேர்த்துச் செய்தால் வாய்ப்பு கூடும்" என்று கூடுதல் சிகிச்சைகள் வரும். கருப்பை உள்வரிச் சோதனை, கரு ஓட்டில் லேசர் துளை, ரத்தத் தட்டணு ஊசி, பசைத் திரவம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரக் கணக்கில் விலை இருக்கும். சிலருக்கு உண்மையான காரணம் இருக்கலாம். பலவற்றுக்கு எல்லோருக்கும் உதவும் என்ற வலுவான ஆதாரம் இல்லை. "எனக்கு இது எதற்கு? செய்யாவிட்டால் என்ன குறையும்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் முடிவெடுங்கள். மயக்கம் தெளிந்த நேரத்தில் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐவிஎஃப் மருத்துவச் சேவை என்பதால் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2022இல் மத்திய அரசு இதைத் தெளிவுபடுத்திவிட்டது. மருந்து விலையில் வரி இருக்கும், அது வேறு. ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறோம் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கே வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. அதோடு ரசீது இல்லாத பணத்தை நீங்கள் திருப்பிக் கேட்கவும் முடியாது.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன் பாலிசித் தாளில் விலக்குகள் பகுதியைப் பாருங்கள். 17ஆம் எண் விலக்கு மலட்டுத்தன்மைச் சிகிச்சை. தனிநபர் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீட்டில் சில இடங்களில் ஐவிஎஃப் செலவுக்கு ஒரு வரம்பு வரை உண்டு. மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்பார்கள், அதிலும் செயலாக்கக் கட்டணம் இருக்கும்.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால் நகையை அடகு வைப்பதற்கு முன் சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையில் உள்ள அரசுக் கருத்தரிப்பு மையத்தில் விசாரியுங்கள். கூட்டமும் காத்திருப்பும் இருக்கும். 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தாங்கும் என்பது என் கருத்து.

6. மூன்று மாதம் முன்பிருந்தே உடம்பைத் தயார் செய்யுங்கள்

பெண்கள் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். தைராய்டும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகே ஊசி. ரூபெல்லா எதிர்ப்பு இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். இதைக் கடைசியில் பார்த்தால் ஒரு சுற்று தள்ளிப்போகும். இருவருக்கும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் சோதனைகளும் தலசீமியா சோதனையும் கேட்பார்கள்.

கணவர்கள் புகை, புகையிலை, மது மூன்றையும் விட வேண்டும். ஜிம்மில் உடம்பேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவை விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும், திரும்ப மாதக்கணக்கில் ஆகும். லேகியம், சூரணம், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் பெயரோடு சொல்லிவிடுங்கள்.

7. சுற்று தொடங்கிய பின் நாட்களை இப்படி ஒதுக்குங்கள்

மாதவிடாயின் இரண்டாம் நாள் ஸ்கேன். அன்றோ மறுநாளோ ஊசி தொடங்கும், ஏறக்குறைய பத்து முதல் பன்னிரண்டு நாள் போகும். இடையில் நாலைந்து ஸ்கேன். வேலைக்குப் போய்வரலாம், காலையில் ஒரு மணி நேர அனுமதி இருந்தால் போதும். ஊசி மருந்துகளில் பல 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியவை. ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பஸ் பயணம் என்றால் ஐஸ் பையோடு டப்பா. தினமும் மையத்துக்கு அலையாமல் வீட்டிலேயே போட்டுக்கொள்ள நர்ஸிடம் கற்றுக்கொள்ளலாம், தொப்புளுக்குக் கீழே தோலடியில் போடுவதுதான்.

ட்ரிக்கர் ஊசிக்குக் கடிகாரம்தான் எல்லாம். அதைப் போட்டு 35, 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். இரவு 10 மணி என்றால் 10 மணிதான். ராகு காலம், நல்ல நேரம் பார்த்து முன்பின் ஆக்கினால் முட்டை வீணாகும். கரு வைக்கும் நாளில் நேரம் பார்க்க வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், சில மணி நேரம் நகர்த்தித் தரக்கூடும். ஆடியில் வேண்டாம், சித்திரையில் பிறக்கும் என்று வீட்டில் சொன்னால், உறைந்த கருவுக்கு ஒரு மாதம் தள்ளுவதால் கெடுதல் இல்லை. முட்டை எடுப்பதைத் தள்ளிக்கொண்டே போவதுதான் கெடுதல், முட்டைக்கு வயது ஏறும்.

முட்டை எடுக்கும் நாளில் மயக்கம் கொடுப்பார்கள். முந்தைய இரவில் இருந்து வெறும் வயிறு, உடன் ஒருவர் கட்டாயம், அன்றும் மறுநாளும் விடுப்பு. அதன்பின் வயிறு உப்பி எடை வேகமாகக் கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். கருப்பை அருகிலுள்ள முட்டைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். மையத்தின் இரவு நேர எண்ணை முதல் வாரத்திலேயே ஒருமுறை கூப்பிட்டு, எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. சம்மதப் படிவமும் ஆய்வகக் கணக்கும்

படிவங்களை முந்தின நாளே வாங்கி வீட்டில் படியுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் தமிழில் கேளுங்கள். வெற்றுக் கட்டங்களோடு கையெழுத்துப் போட வேண்டாம். தானமுட்டை, தான விந்தணு பற்றிய பக்கம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கருவைக் கருப்பையில் வைக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எத்தனை கரு வைப்பது என்பதையும் அன்றைக்கு மேசையில் படுத்தபின் பேசாதீர்கள். இரட்டைக் குழந்தை ஒரே செலவில் என்று வீட்டில் ஆசைப்படுவார்கள். குறைப்பிரசவம், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை என்று அதன் செலவும் வேதனையும் பெரிது.

ஆய்வகத்தில் இருந்து இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை முட்டை கிடைத்தது, எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவுற்றன, ஐந்தாம் நாள் வரை எத்தனை வந்தன, தரம் என்ன, எத்தனை உறையவைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறையும். பன்னிரண்டு முட்டையில் மூன்று கரு மிஞ்சினால் அதில் சூது ஏதும் இல்லை. கருவைப் பத்து ஆண்டு வரைதான் சேமிக்க முடியும். வேறு மையத்துக்கு மாற்ற அனுமதி நடைமுறை உண்டு என்பதால், ஊர் மாறும் திட்டம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

9. கரு வைத்த பிறகு

படுத்தே கிடக்கத் தேவையில்லை. படுக்கை ஓய்வு கரு ஒட்டுவதற்கு உதவுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பாத்ரூம் போனால் கரு விழுந்துவிடும் என்று பயந்து அடக்கிக்கொண்டிருக்கிறார்கள், அப்படி விழாது. கனமான வேலை தவிர மற்றதெல்லாம் செய்யலாம். எழுதிக் கொடுத்த புரோஜெஸ்டிரோனை, ரத்தக்கசிவு வந்தாலும், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பத்து முதல் பதினாலு நாளில், கரு தங்கியதா என்று காட்டும் பீட்டா எச்சிஜி ரத்தச் சோதனை. அதற்கு முன் வீட்டில் கார்டு வைத்துப் பார்த்தால் ட்ரிக்கர் ஊசியின் மிச்சத்தால் பொய்யாகக் கோடு விழலாம். முடிவு வரும் நாளைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள்.

பாசிட்டிவ் வந்தால் இரண்டு நாள் கழித்து எண் ஏறுகிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். பிறகு இதயத்துடிப்புக்கான ஸ்கேன்.

வராவிட்டால் அன்றே அடுத்த சுற்றுக்குப் பணம் கட்ட வைக்கும் பேச்சு வரும். அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். என்ன சிகிச்சை நடந்தது என்ற விவரங்களோடு டிஸ்சார்ஜ் சான்றிதழ் தருவது மையத்தின் கடமை. அதோடு ஆய்வகக் கணக்கு, ஊசி டோஸ் பட்டியல், ஸ்கேன் அளவுகள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் விண்ணப்பித்து நகல் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. தர மறுத்தால் மையத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுங்கள், அப்படி ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த ஃபைலோடு வேறொரு மருத்துவரிடம் ஒரு கருத்துக் கேட்டுவிட்டு, அதே மையமா வேறா என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.